தலைக்கூடை இறங்கிய வரலாறு



அரசு ஏடுகளில் ‘ஸ்ரீமுஷ்ணம்’ என்று எழுதப்பெறும் இவ்வூர் தமிழில் திருமுட்டம். இதற்கு வடமேற்கே, ‘விருத்தாசலம்’ என்று பெயர் மாற்றப்பெற்ற முதுகுன்றம் உள்ளது. தென்கிழக்கே காட்டுமன்னார்கோயிலும், அதனை ஒட்டிக் கடல்போற் கிடக்கும் வீராணம் ஏரியும் உள்ளன. முதுகுன்றம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிலையமும் அங்கு உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது உடன் கிடைக்கும் வெண்களிமண் அத்தொழிலுக்கு அண்டை வீட்டுச் செல்வம் போன்றது. வீராணமோ பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004ஆம் ஆண்டில் அங்கிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளக் குழாய்வழியே சென்னை மாநகருக்கு நீர் செல்லத் தொடங்கியது.

ஒருபுறம் மண், மறுபுறம் நீர். சுட்ட மண்ணும் சிறிது நீரும் சேர்ந்தே தமிழ்நாட்டு நகரங்களின் தலையாய இழிவொன்றைத் துடைத்தன. தலையாய இழிவு என்பது இங்கு அணிக்காகச் சொன்ன சொல் அன்று. அவ்விழிவு உண்மையாகவே மாந்தர் தலைமேல் இருந்தது. மூங்கிற் கூடையில் இருந்தது. அக்கூடை எப்படி ஏறியது, எவ்வாறு இறங்கியது, முழுதும் இறங்கிற்றா என்பவையே இவ்வுரையின் பொருள். அவைக்கு ஏற்ற பொருளா இது என்று முகம் சுளிப்பார் இருக்கலாம். நாள்தோறும் முகம் சுளிக்காமல் அக்கூடையைச் சுமந்தவர்களை எண்ணி அவர்கள் சற்றே பொறுத்தருள்க.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தமிழக நகராட்சித் தெரு எவ்வாறு இருந்தது என்பதை இன்றைய இளைஞர் அறியார். நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய் சென்னை, மதுரை போன்ற ஒருசில நகரங்களில், அவற்றிலும் சில பகுதிகளில் மட்டுமே இருந்தது. மற்ற ஊர்களில் வசதியுள்ளவர் வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிற்றறை கட்டப்பட்டிருக்கும். கால் வைக்க இரண்டு கல். அவற்றின் கீழே ஒரு தகரத் தட்டோ வாளியோ, அதுவும் இல்லாத வீடுகளில் வெறுந்தரையோ இருக்கும். அறையின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு முழ அகலத்தில் ஒரு திறப்பு. அத்திறப்பு வீட்டின் பின்னே ஓடும் குறுஞ்சந்தை நோக்கி இருக்கும். வீட்டார் முன்வாயில் வழியே வருவர். துப்புரவுத் தொழிலாளி சந்தின் வழியே வருவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதபடி நகரமே அளந்து கட்டப்பட்டிருந்தது.

விடியுமுன் வருபவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். கையில் வளைந்த தகரத்துண்டு, தேய்ந்த துடைப்பம், கொஞ்சம் சாம்பல். குனிந்து, அத்திறப்பினுள் கையை விட்டு வழித்தெடுத்துக் கூடையில் இட்டு, கூடையைத் தலையில் ஏற்றி, தெருமுனையில் நிற்கும் வண்டிவரை நடப்பார். ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. ஒரு தெரு முடிந்தால் அடுத்த தெரு. மழைக்காலத்தில் கூடை ஒழுகும். ஒழுகியது எங்கே ஒழுகியது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வண்டி ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்குப் போகும். அங்கே குழிகளில் குப்பையும் மலமும் அடுக்கடுக்காக இட்டு மூடப்படும். சில திங்களில் அஃது எருவாகும். அவ்வெருவை உழவர்க்கு விற்று நகராட்சிகள் வருவாயும் ஈட்டின.

அவ்வகைக் கழிப்பிடத்துக்கு ‘எடுப்புக் கழிப்பிடம்’ என்று பெயர். அப்பெயரைச் சற்றே உற்று நோக்குக. எடுத்தல் என்னும் வினை அதில் இருக்கிறது, எடுத்தவர் இல்லை.

பேச்சு வழக்கில் ‘கக்கூசு’ என்பர். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாழ்ந்த ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. கழிவறைக்கும் கழிவுநீர் வழிக்கும் தமிழில் சொல்லே இல்லை போலும் என்று எவரும் மயங்க வேண்டா. நிலத்தினுள் கரந்து செல்லும் நீர்வழியைச் ‘சுருங்கை’ என்று பரிபாடலும் சிலப்பதிகாரமும் குறிக்கின்றன. இரண்டும் மதுரையைப் பற்றிப் பேசுமிடத்து அச்சொல் வருகிறது. ‘அங்கணம்’ என்னும் சொல் திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்திலேயே உண்டு. கீழடியில் உறைகிணறுகளும் சுடுமண் குழாய்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டுள்ளன. இவை பெருமைக்குரியவையே, மேடைதோறும் பேசப்படுபவையே. ஆயினும், பழங்காலத்திலேயே சுருங்கை கண்ட மதுரையிலும் 1950ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் தலையில் கூடை இருந்தது என்பதையும் அதே மேடையில் அதே குரலில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிடில், கீழடிக் குழாய் அழகுப்பொருளாக மட்டுமே எஞ்சும்.

பொது நலவாழ்வுக்கென ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய அமைப்பு மக்களை எண்ணித் தொடங்கப்பட்டதன்று. 1857ஆம் ஆண்டுப் போருக்குப் பின், இந்நாட்டிலிருந்த வெள்ளைப் படைவீரர் சண்டையில் மாண்டதைவிட நோயில் மாண்டதே மிகுதி எனக் கண்டனர். அதனை ஆய்ந்த ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. 1864இல் சென்னை மாநிலத்துக்கும் துப்புரவு ஆணையம் அமைந்தது. பாசறையைக் காக்க வேண்டுமாயின் பாசறைக்கு அடுத்த ஊரையும் ஓரளவு காக்க வேண்டும்; மக்கள் நலம் இவ்வளவில்தான் அக்கணக்கில் நுழைந்தது. பிறகு 1922இல் பொது நலவாழ்வுக்குத் தனித் துறையே ஏற்பட்டது. மருத்துவமனைகளை நடத்தும் துறை வேறு, நோய் வராமல் காக்கும் துறை வேறு என்னும் அப்பிரிவைத் தமிழ்நாடு இன்றளவும் விடாமல் வைத்திருக்கிறது. இந்திய மாநிலங்கள் பலவற்றில் அஃது இல்லை. பின்னாளில் தமிழ்நாடு தாய்சேய் நலத்திலும் தடுப்பூசியிலும் முன்னிற்பதற்கு அத்தனித் துறையும் ஒரு காரணம் என்பது அறிஞர் பலர் கருத்து.

அதன்பின் வந்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது நலவாழ்வுச் சட்டம். இந்தியாவிலேயே இவ்வகையில் முதன்முதல் இயற்றப்பெற்ற முழுமையான சட்டம் அதுவே. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, தாய்சேய் நலம், உணவுத் தூய்மை, தங்கும் விடுதிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. திருமுட்டம் போன்ற கோயிலூர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதி ஒன்றும் உண்டு. அது திருவிழாக்களையும் சந்தைகளையும் பற்றியது. பல்லாயிரவர் ஒரே குளத்தில் நீராடி, ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஆற்றங்கரை முழுவதையும் கழிப்பிடமாக்கிக் கலையும் நாள்களிலேயே வாந்திபேதி எனப்பட்ட கக்கல் கழிச்சல் நோய் மூண்டெழும். வழிபட வந்தவர் அதனைத் தம் ஊருக்கும் எடுத்துச் செல்வர். செருமானிய அறிஞர் கோக்கு 1880களிலேயே அந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டு காட்டிவிட்டார். அது நோயாளியின் கழிவிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து அடுத்தவர் வாய்க்கும் செல்வது. ஆதலின் விழாவூரில் கிணறுகளுக்கு வெளுப்புத்தூள் இடுதல், வருவோர்க்கு ஊசி போடுதல், தற்காலிகக் கழிப்பிடங்கள் அமைத்தல் ஆகியவை நலவாழ்வு அலுவலரின் கடமையாயின.

தற்காலிகக் கழிப்பிடம் என்றால் அகழி வெட்டித் தட்டி கட்டுவது. வெட்டியவர் யார்? நாள்தோறும் மண் தூவி மூடியவர் யார்? விழா முடிந்தபின் கூட்டி அள்ளியவர் யார்? சந்தின் வழியே வந்த அதே மக்கள்தாம். அவர்கள் விழாவின் நலத்தைக் காத்தனர். ஆனால் விழாவுக்குரிய கோயிலினுள் நுழைய அவர்களுக்கு உரிமை இல்லை. 1939இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மேற்சொன்ன நலவாழ்வுச் சட்டம். மற்றொன்று, கோயில் நுழைவை ஒப்பும் அறங்காவலர்க்குக் காப்பளிக்கும் சட்டம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவ்வாண்டு சூலைத் திங்களில் நிகழ்ந்த நுழைவை ஒட்டி அது வந்தது. அந்நாளில் நலவாழ்வுத் துறையையும் அறநிலையத் துறையையும் ஒருங்கே ஏற்றிருந்த அமைச்சர் திருவரங்கத்து மருத்துவர் தி. சே. சௌ. இராசன். ஒரே அமைச்சரின் மேசையில் இரு கோப்புகளும் இருந்தன. ஆயினும் அறங்காவலர் ஒப்பினாலன்றிக் கோயில் திறவாது என்றிருந்த நிலை மாறிப் பொது உரிமையாக ஆனது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். விழாத் திடலைத் துலக்கலாம், திருக்கதவத்தைத் தாண்டலாகாது என்பதே அதுவரை ஊர்நெறி.

அச்சட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. வடிகாலை எப்படிக் கட்டுவது, கிணற்றை எப்படிக் காப்பது என்று ஊர்மக்களுக்குச் சொல்ல வேண்டிய அந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் வந்தது 1956இல். ‘இன்ன இடத்தில் இன்னது செய்யற்க’ என்னும் எச்சரிக்கை அதனைச் செய்பவருக்குப் புரியாத மொழியில் இருப்பின், அது யாரைக் காக்கும்?

இனி, தென்னார்க்காட்டுக்கே உரிய நோய் ஒன்று. கடலூர், புதுச்சேரிப் பக்கங்களில் பிறந்தவர் யானைக்கால் கண்டவரை அறியாமல் வளர்ந்திருக்க மாட்டார். கடவுளின் சினம் என்றும், பரம்பரை என்றும், கடற்காற்று என்றும் அதற்குக் காரணம் பல கூறப்பட்டன. 1877இலேயே மான்சன் என்னும் மருத்துவர் சீனத்தில் இருந்துகொண்டு, அந்நோயின் நுண்புழு கொசுவின் உடலினுள் புகுந்து வளர்வதைக் கண்டார். எக்கொசு? நன்னீரில் பிறக்கும் கொசு அன்று. தேங்கிய சாய்க்கடையிலும் கழிவுக் குழியிலும், அழுக்கு மிக மிக மகிழ்ந்து பெருகும் கொசு. மூடாத வடிகாலும் மூடிபோடாத மலக்குழியும் அதற்குத் தாய்வீடு. எனவே யானைக்கால் என்பது கால் நோய்போல் தோன்றினும், அடிப்படையில் அது தெருவின் நோய்.

1975இல் புதுச்சேரியில் நோய்பரப்பும் கொசு முதலியவற்றை ஆராயும் நடுவம் ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்தது. 1981 முதல் 1985 வரை ஐந்தாண்டுகள் அந்நடுவத்தார் புதுச்சேரி நகரில் ஒரு செயல்முறையை நடத்திக் காட்டினர். மருந்தைவிடக் கொசு பிறக்கும் இடத்தையே அவர்கள் முதலில் நாடினர். அடைபட்ட வடிகால்களைத் திறந்து ஓடவிட்டனர். கழிவுக் குழிகளை மூடினர். பயனற்ற கிணறுகளில் மிதக்கும் நுண்மணிகளைக் கொட்டி, நீரின் மேற்பரப்பில் கொசுப்புழு மூச்சு வாங்க முடியாதபடி செய்தனர். குட்டைகளில் புழுத்தின்னும் மீன்களை விட்டனர். ஊர்மக்களைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்தனர் என்பதே அதில் பெரிது. குப்பையை அள்ளுவதும் வடிகாலைத் தூர்ப்பதும் யாரோ ஒருவர் வேலை என்றிருந்த தெருக்களில், பள்ளி மாணவரும் இல்லத்தரசியரும் மண்வெட்டி பிடித்தனர். கூடை யாருடையது என்னும் வினா அங்கே சற்றே அசைந்தது.

ஆனால் கூடை ஏன் அவ்வளவு நாள் இறங்கவில்லை? 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் கழிப்பிடத்துக்கு ஒரு பகுதியே உண்டு. உள்ளாட்சிகள் தம் வருவாயில் ஒரு பங்கை நலவாழ்வுக்கென ஒதுக்கியே ஆகவேண்டும் என்னும் விதியும் உண்டு. குழாய் செய்யத் தெரியும், பொறியாளர் இருந்தனர். 1957இல் நடுவணரசு மல்கானி என்பாரின் தலைமையில் துப்புரவுத் தொழிலாளர் நிலைபற்றி ஆராயக் குழு அமைத்தது; அறிக்கை 1960இல் வந்தது. தலைச்சுமை ஒழிய வேண்டும் என்று அது சொன்னது. எல்லாம் இருந்தும் ஏன் காலம் நீண்டது?

ஏனெனில் கூடை மலிவாக இருந்தது. ஒரு குலத்தில் பிறந்த குற்றத்துக்காகவே ஒருவர் மிகக் குறைந்த கூலிக்கு நாள்தோறும் வந்து வழித்துச் செல்வார் என்னும் உறுதி இருக்கும்வரை, குழாய் பதிப்பது வீண்செலவாகவே நகரத் தந்தையர்க்குத் தோன்றியது. அந்த மலிவைச் செய்து கொடுத்தது சாதி. கணக்கில் ‘செலவு குறைவு’ என்று எழுதப்பட்ட தொகையை உண்மையில் செலுத்தியவள் கூடை சுமந்தவள். அவள் செலுத்தியது பணமாக இல்லாததால் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் அது வரவில்லை.

இம்மக்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர், அருந்ததியர் மிகுதி. தமிழ் நகரங்கள் அவர்கள் கைகளால் துலங்கின. அவர்களுக்குத் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கீட்டினுள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல்தான் தமிழ்நாட்டில் கிடைத்தது. அது செல்லும் என்னும் நிலையை உச்சநீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது.

இப்பொழுது மண்ணுக்கும் நீருக்கும் வருவோம். 1950களின் பிற்பகுதியில் நடுவண் நலவாழ்வுத் துறை மூன்று இடங்களில் ஆய்வும் செயலும் இணைந்த துப்புரவுத் திட்டங்களை நடத்தியது. வங்காளத்துச் சிங்கூர், தில்லியை அடுத்த நசப்கர், சென்னையை அடுத்த பூவிருந்தவல்லி என்பன அவ்விடங்கள். அவர்கள் விடை தேடிய வினா எளியது: நிலத்தடிக் கால்வாய் இல்லாத ஊரில், நீர் மிகுதியாக இல்லாத வீட்டில், ஒருவர் கையும் படாமல் கழிவை அகற்ற முடியுமா? முடியும் என்பதற்கு விடையாக வந்தது ஒரு வளைந்த கழுத்து. கழிவுத் தட்டின் அடியில் குழாயை வளைத்தால், அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். இரண்டு செண்டிமீட்டர் உயர நீரே போதும். அந்நீர் ஒரு கதவு. கீழேயுள்ள நாற்றம் மேலே வாராது. மேலேயுள்ள ஈ கீழே போகாது. மேற்கு நாட்டுத் தொட்டியில் ஒருமுறை இழுத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு இலிட்டர் நீர் பாயும். இங்கே ஒரு செம்பு அல்லது இரண்டு செம்பு நீர், ஒன்றரை இரண்டு இலிட்டர், கையால் ஊற்றினால் போதும். குடத்தில் நீர் சுமந்து வரும் வீட்டுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

அடியில் குழி இரண்டு. ஒன்று நிரம்பும்வரை மற்றது வெறிது. சில ஆண்டில் முதற்குழி நிரம்பியதும் கழிவை மற்றதற்குத் திருப்பி, முதற்குழியை மூடிவிட வேண்டும். ஒன்றரை இரண்டாண்டு சென்றபின் திறந்தால் அங்கே இருப்பது மணமற்ற கரிய மண். வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்கு இடலாம். வேறொரு குலத்தாரை அழைக்க வேண்டியதில்லை. சாதியை எதிர்த்து ஓங்கி முழங்கிய மேடைகள் பல உண்டு. அவற்றோடு சேர்த்து எண்ணத் தக்கது, பேசாமல் நிலத்தடியில் கிடக்கும் இவ்விரு குழி.

அவ்வளைந்த கழுத்துக்கு ஏன் பீங்கான்? சுட்ட செங்கல்லிலும் பானையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அழுக்கு அவற்றுள் ஊறும். வெண்களிமண்ணோடு படிகக்கல் தூளும் களிமப்பாறைத் தூளும் கூட்டி, வார்ப்பில் வடித்து, மேலே கண்ணாடிப் பூச்சுப் பூசி, 1,200 பாகை வெப்பத்தை ஒட்டிச் சூளையில் சுட்டால், உடல் முழுதும் இறுகிக் கண்ணாடியாதற்கு அணித்தாகிறது. பின் அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஒரு செம்பு நீரில் தூய்மையாவது அதனாற்றான். 1950களில் இராணிப்பேட்டையில் கழிவறைப் பீங்கான் செய்யும் பெருந்தொழில் எழுந்தது. முதுகுன்றத்துச் சூளைகளும் நெய்வேலி வெண்மண்ணும் இந்நாட்டு மண் அத்தொழிலுக்கு எவ்வளவு இசைந்தது என்பதற்குச் சான்றாயுள்ளன. நூறு மேடைப் பேச்சும் இரண்டு சட்டமும் செய்ய முடியாததைக் குயவரின் கைத்திறம் செய்தது எனில் அது மிகையாகாது. எனினும் அக்கைத்திறத்தை ஊர்தோறும் கொண்டு சேர்க்க மனம் வேண்டியிருந்தது. அம்மனம் எவ்வளவு தாமதித்தது என்பதை அறியத் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து தமிழர் வாழும் ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

கோலார் தங்கவயல். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர் குருதியால் வளர்ந்த நகரம் அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து நீர்மின்னாற்றல் அங்கு வந்துவிட்டது. இந்தியப் பெருநகரங்கள் பல இருளில் கிடந்த நாளில் அவ்வயலில் மின்விளக்கு எரிந்தது. பொன்னைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்குச் சுரங்கம் இறங்கியது. ஆனால் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவை எடுப்புக் கழிப்பிடங்கள். மூன்று கிலோமீட்டர் ஆழம் தோண்ட வழி கண்டவர்க்கு மூன்றடி ஆழத்தில் குழாய் பதிக்க வழி தோன்றவில்லை. வாளியால் அள்ளிச் சுமந்த குடும்பங்களுள் ஒன்றில் 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். 1980களில் அவர் அதனை எதிர்த்து முறையீடு எழுதத் தொடங்கினார். இப்படி ஒரு வழக்கமே இங்கு இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒளிப்படம் எடுத்துக் காட்டினார். 1990களில் அக்கழிப்பிடங்கள் மாற்றப்பட்டன. 2001இல் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது. நூறாண்டு கடந்து பொன் எடுத்த நகரத்தில் கூடையற்ற வாழ்வு பத்தாண்டுகூட முழுமையாக நிலவவில்லை.

கையால் மலம் அள்ளுவிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1993இல்தான் இந்தியாவில் வந்தது. சென்னை நலவாழ்வுச் சட்டத்துக்கும் அதற்கும் இடையே 54 ஆண்டுகள்! அதுவும் ஏட்டளவில் நின்றது. வில்சனும் தோழர்களும் 2003இல் உச்சநீதிமன்றம் சென்றனர். பத்தாண்டு வழக்குக்குப் பின், 2013இல் விரிவான புதுச்சட்டமும், 2014 மார்ச்சு 27இல் தீர்ப்பும் வந்தன. 1993 முதல் கழிவுநீர்க் குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலக்கம் உருபா தர வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 2023இல் அத்தொகை 30 இலக்கமாக உயர்த்தப்பட்டது.

குழியில் இறப்பா? கூடைதான் இறங்கிவிட்டதே! ஆம், கூடை இறங்கியது. ஆள் குழிக்குள் இறங்கினார். இதுவே இவ்வரலாற்றின் கசப்பான திருப்பம். வீடுகளில் பீங்கான் வந்தபின் கழிவு கண்ணுக்கு மறைந்தது. மறைந்ததே ஒழியப் போய்விடவில்லை. நிலத்தடிக் கால்வாய் அடைத்தால், மலத்தொட்டி நிரம்பினால், மூடியைத் திறந்து மீண்டும் ஓர் ஆளையே இறக்கினர். காற்றோட்டமின்றி அழுகும் கழிவில் கந்தகக் கலப்புள்ள நச்சுவளி தேங்கும். சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரத்துப் போகச் செய்யும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் வீழ்வார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் வீழ்வார். அடுத்து இறங்கும் தோழரும் வீழ்வார். ஒரே குழியில் மூவர், நால்வர் என்று செய்தித்தாளில் வருவது அதனால்தான். நாடாளுமன்றத்தில் அவ்வப்போது தரப்படும் கணக்குகளில் இவ்விறப்பில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. தடுப்பூசியிலும் தாய்சேய் நலத்திலும் முன்னிற்கும் அதே தமிழ்நாடு.

2020இல் தமிழ்நாட்டரசு ‘துப்புரவுப் பணியாளர்’ என்னும் பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. நன்னோக்கத்தோடு செய்த மாற்றம். ஆயினும் ‘துப்புரவு’ என்ற நல்ல தமிழ்ச்சொல் என்ன குற்றம் செய்தது? அதனைச் சொன்னவர் குரலிலும் பார்வையிலும் இருந்த இளக்காரம் அச்சொல்லின்மேல் படிந்தது. ‘தோட்டி’ என்பதற்கு மாற்றாகத் ‘துப்புரவு’ வந்தது. துப்புரவுக்கு மாற்றாகத் ‘தூய்மை’ வந்திருக்கிறது. கையுறையும் காலணியும் உரிய ஊதியமும் கொடாமல் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், தமிழில் நல்ல சொற்கள் ஒவ்வொன்றாகத் தீரும்.

திருமுட்டம் இன்று பேரூராட்சி. தனி வட்டத்தின் தலைமையிடமும் ஆகும். இத்தகைய ஊர்களில் நிலத்தடிக் கால்வாய் அரிது. வீடுதோறும் கட்டப்படுவது மலத்தொட்டி. பல வீடுகளில் அது முறைப்படி இரண்டு மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்ட தொட்டியாகக்கூட இல்லை. அடித்தளம் பூசாத பெருங்குழியாகவே இருக்கிறது. அதன் நீர் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றை நோக்கி ஊறும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 10 மீட்டராவது விடாமல் மனை நெருக்கிக் கட்டுவோர், தாம் கழித்ததைத் தாமே குடிக்க ஏற்பாடு செய்கின்றனர். தொட்டி நிரம்பினால் உறிஞ்சு ஊர்தி வருகிறது. குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துச் செல்கிறது. ஆள் இறங்குவதில்லை, அது நல்லதே. ஆனால் அவ்வூர்தி எங்கே போகிறது?

செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் இக்கழிவுக் கசடைக் காயவைத்து, நீரைத் தூய்மையாக்கி, எஞ்சியதை எருவாக்கும் நிலையம் இருக்கிறது. பேரூராட்சி அளவிலான ஊரால் அது முடியும் என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய நிலையத்தைச் சென்றடையாத ஊர்தி இரவில் ஏதாவது ஓர் ஓடைக்கரையில் வாயைத் திறக்கும். வெள்ளாற்றுப் பக்கத்து ஓடைகளில் திறந்தால் அது வெள்ளாற்றுக்குப் போகும். ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்காலில் திறந்தால் ஏரிக்குப் போகும். 1939இல் விழாவூரின் கிணற்றைக் காக்கச் சட்டம் செய்தவர்கள் எந்தச் சுற்றை அறுக்க முயன்றார்களோ, அதே சுற்று. கூடைக்குப் பதில் ஊர்தி, அவ்வளவே வேறுபாடு.

ஊர்தியின் எண், அது வந்த நாளும் நேரமும், எந்த வீட்டில் எடுத்தது, எங்கே கொட்டியது என்பவற்றை எழுதிய பதிவேடு ஒன்று ஒவ்வொரு பேரூராட்சி அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து உருபாக் கட்டணத்தில் எவரும் அதனைக் கேட்டுப் பெறலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதும்போது இன்னொரு வினாவையும் சேர்த்து எழுதுக: அவ்வூர்தியில் குழாய் பிடித்து நிற்கும் இளைஞர்க்குக் கையுறையும் மூடுகாலணியும் யார் கொடுத்தார், எந்நாளில் கொடுத்தார்?